இலவசமாக வந்ததற்கும் விலை உண்டு: செட்டிநாட்டுச் சேவைச் சங்கம் ஒன்றின் காலைப் பலகார விற்பனை

பின்னணி

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இயங்கும் சேவைச் சங்கம் இது. உறுப்பினர்கள் முப்பத்திரண்டு பேர். ஜவுளிக்கடை, அரிசி ஆலை, வாடகைப் பாத்திரக்கடை வைத்திருப்பவர்கள், ஒரு மருத்துவர், இரண்டு பேராசிரியர்கள், என்னைப் போல வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற சிலர். யார் பெயரும் இதில் வராது. சங்கத்தின் கணக்கு என் கையில் இருந்தது. அதனால் கீழே சொல்லப்போகும் தவறுகளில் என் பங்கும் உண்டு.

பல ஆண்டுகளாக மாதம் ஒரு நாள், ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலையில் பொங்கலும் சாம்பாரும் கொடுத்து வந்தோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பள்ளி நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்கும்போது மாதம் ஒரு நாள் பொங்கலுக்கு என்ன வேலை? நல்ல விஷயம்தான். ஆனால் விடிகாலையில் கூடிச் சமைத்துப் பழகிய கூட்டத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை.

அப்போது மருத்துவர் ஒரு விஷயம் சொன்னார். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து ஐந்து பேர் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸுக்கு வருகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குச் செலவில்லை. போய் வருவதற்குத்தான் செலவு. நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்து எழுந்தவர் பஸ்ஸுக்கு நிற்க முடியாது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லைதான், ஆனால் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடக்க வேண்டுமே. ஆட்டோவுக்குப் போக வர 350 ரூபாய். ஆளுக்கு மாதம் ஒன்பது நடை என்று வைத்தால் ஐந்து பேருக்கு 15,750 ரூபாய். ஆட்டோக் கூலி கொடுக்க முடியாமல் ஒருவர் வாரம் ஒரு முறைதான் வருகிறார் என்று மருத்துவர் சொன்னதும் கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு செட்டிநாட்டுப் பலகாரம் செய்து விற்பது, லாபத்தை ஆட்டோக் கூலிக்குக் கொடுப்பது என்று அன்றைக்கே முடிவானது. அடுத்த கார்த்திகையில் தொடங்கினோம்.

முதல் ஞாயிறு

சென்னையில் இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் பெரிய வீட்டைத் திறந்துவிட்டது. முன் கூடமான பட்டாலையில் டோக்கன், முற்றத்தைச் சுற்றிய வளவில் பந்தி. அடுப்பை மட்டும் உள்ளே வைக்க வேண்டாம் என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கேட்டுக்கொண்டார். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவரில் எண்ணெய்ப் புகை ஏறினால் போகாது. பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டோம்.

இலைக்கு மூன்று இட்லி, இரண்டு வெள்ளைப் பணியாரம், கத்தரிக்காய் கோஸ்மல்லி, வரமிளகாய்ச் சட்னி, தேங்காய்ச் சட்னி, கறுப்பரிசியில் செய்யும் இனிப்பான கவுனி அரிசி ஒரு கரண்டி, காபி. விலை 80 ரூபாய். 250 டோக்கனும் முன்கூட்டியே விற்றுப் போயின. வரவு 20,000. கேஸ், எண்ணெய், வாழை இலை, காய்கறி என்று கையை விட்டுப் போனது 4,200. மிச்சம் 15,800. ஆட்டோச் செலவுக்கு அளந்து வைத்த மாதிரி இருந்தது. அன்று மாலைக் கூட்டத்தில் அந்த எண்ணை வாசித்தது நான்தான். கைதட்டினார்கள்.

அரிசியும் உளுந்தும் ஆலைக்காரர் கொடுத்தார். தேங்காய் ஒருவர் தோப்பிலிருந்து வந்தது. அண்டா, கொப்பரை, இருப்புச்சட்டி எல்லாம் பாத்திரக்கடை உறுப்பினருடையவை. சமைத்தது நான்கு பெண்கள். கல்யாண வீடுகளில் கூலிக்குச் சமைப்பவர்கள். சங்கத்துக்காக வந்தார்கள், போகும்போது ஆளுக்கு ஒரு ரவிக்கைத் துணி கொடுத்து அனுப்பினோம். இதில் எதற்கும் நான் எழுதிய தாளில் ஒரு வரிகூடக் கிடையாது.

இரண்டு சின்னத் தவறுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு ஒரு வீட்டு சிலிண்டரை, அதாவது 14.2 கிலோ சிலிண்டரை, அடுப்பில் மாட்டியிருந்தார்கள். விற்பனைக்குச் சமைக்கும் இடத்தில் 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வைக்க வேண்டும். அடுத்து, கியூஆர் அட்டை ஒரு உறுப்பினரின் சொந்தக் கணக்குக்குப் போனது. பணம் மறுநாளே வந்து சேர்ந்தது என்றாலும், பொதுமக்கள் பணம் ஒரு ராத்திரிகூடத் தனியார் கணக்கில் தங்கக் கூடாது. இரண்டையும் அடுத்த மாதமே மாற்றினோம்.

பணியாரச் சட்டியின் கணக்கு

அன்று கண்ணுக்குத் தெரிந்த பிரச்சினை வரிசை. ஏழு மணிக்குப் பந்தி தொடங்கியது. ஏழே முக்காலுக்கு வெள்ளைப் பணியாரம் தீர்ந்தது. எட்டு மணிக்கு வந்தவர்கள் நாற்பது நிமிடம் நின்றார்கள்.

வெள்ளைப் பணியாரம் தெரிந்தவர்களுக்குக் காரணம் புரியும். பச்சரிசியைத் தலைதட்டி ஒரு உழக்கு அளந்து, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்துச் சேர்த்து, ஊறவைத்து, வெண்ணெயாக ஆட்ட வேண்டும். பால் விட்டு இளக்கி, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் பூரி போல எழும்பி விளிம்பில் மொறுமொறுப்போடு வரும். சட்டிக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டு ஊற்றினால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றுக்கு நாற்பது விநாடி. ஐந்நூறு பணியாரத்துக்கு இருபதாயிரம் விநாடி. இரண்டு சட்டி என்றால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஆறு மணிக்கு எண்ணெய் வைத்தால் கடைசிப் பணியாரம் ஒன்பதுக்குச் சற்று முன்னால்தான் எழும்பும். கூட்டமோ ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் வருகிறது. இந்தப் பெருக்கலை முதல் நாளே போட்டுப் பார்த்திருந்தால் வரிசையே வந்திருக்காது.

இன்னும் இரண்டு சட்டி வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். சட்டி கிடைக்கும், கை கிடைக்காது. நான்கு பெண்களில் ஒருவருக்குத்தான் அந்தப் பதம் சரியாக வரும். அவரே மாவைப் பார்த்து, அவரே எண்ணெயைப் பார்த்து, இரண்டு சட்டிக்கும் நடுவில் நின்று ஊற்றினார். முன்கூட்டியே சுட்டு வைத்தால் தோல் போல இழுக்கும். குழிப்பணியாரத்துக்கு மாறலாம் என்றேன், ஒரே நேரத்தில் ஒரு டஜன் எடுக்கலாம். மூத்த உறுப்பினர் ஒருவர், "வெள்ளைப் பணியாரம் இல்லாம செட்டிநாட்டுப் பலகாரம்னு போர்டு வைக்கிறதா?" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. இலைக்கு இரண்டு பணியாரம் என்பதை ஒன்றாகக் குறைத்ததுதான் மிச்சம்.

மார்கழி

இரண்டாவது மாதம் 270 டோக்கன். வரவு 21,600, செலவு 4,900, நான் வாசித்த மிச்சம் 16,700. பணியாரம் தடங்கலில்லாமல் வந்தது. சட்னியில்தான் பிரச்சினை. விடிகாலை நான்கு மணிக்கு மொத்தமாக அரைத்த தேங்காய்ச் சட்னி ஒன்பதரைக்குப் பார்சலில் போனபோது லேசாகப் புளித்திருந்தது. இரண்டு வீட்டிலிருந்து திரும்பி வந்தது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் மருத்துவர் விடவில்லை. சமைத்த பொருள் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொட்டகைத் தூணில் ஒட்டினார். அன்றிலிருந்து சட்னியை மூன்று தவணையாக அரைக்கிறோம். பார்சலுக்கு வரமிளகாய்ச் சட்னி மட்டும்தான். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொண்டோம். ஆண்டுக்கு நூறு ரூபாய்க் கட்டணம். முதல் மாதமே செய்திருக்க வேண்டியது.

இரண்டு மாதத்தில் வந்த மிச்சம் 32,500. ஆட்டோவுக்குக் கொடுத்தது 31,500. கையிருப்பு ஆயிரம் ரூபாய். அதைப் பார்த்தே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

தை

மூன்றாவது விற்பனை தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்தது. குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குச் சாலை நெடுக அன்னதானப் பந்தல். இட்லி, பொங்கல், கேசரி, சுக்குக் காபி எல்லாம் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். அந்த வாரத்தில் எண்பது ரூபாய்க்கு இட்லி விற்கக் கிளம்பியது நாங்கள்தான். ஊரிலேயே பிறந்து வளர்ந்த முப்பத்திரண்டு பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

இருந்தாலும் தோல்விக்கு அது பாதிக் காரணம்தான். சனிக்கிழமை மாலை ஊறப்போட வர வேண்டிய பணியாரக்கார அம்மா வரவில்லை. மற்ற மூவரில் இருவரும் வரவில்லை. முகூர்த்த நாள், கல்யாண வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசி நேரத்தில் வெளியூர் மாஸ்டர் ஒருவரை 3,500 ரூபாய்க்குப் பிடித்தோம். ஆலைக்காரர் இந்த முறை அரிசி மட்டும் அனுப்பினார், உளுந்தைக் கடையில் வாங்கினோம். 250 இலைக்குத் தயாரித்து 96 விற்றது. வரவு 7,680, செலவு 11,300. நட்டம் 3,620. மிஞ்சிய நானூறு இட்லியை வேனில் ஏற்றிப் பாதயாத்திரைப் பந்தலில் கொடுத்துவிட்டு வந்தோம்.

திங்கள்கிழமை காலை ஐந்து பேருக்கும் ஆட்டோ போக வேண்டும். பெட்டியில் பணம் இல்லை. அந்த மாதமும் அடுத்த மாதமும் உறுப்பினர்கள் சட்டைப்பையிலிருந்து போட்டுச் சமாளித்தார்கள்.

அந்த அம்மா சொன்னது

அடுத்த வாரம் நானும் மருத்துவரும் பணியாரக்கார அம்மாவின் வீட்டுக்குப் போனோம். கோபத்தோடு போகவில்லை, ஆனால் ஒரு விளக்கம் வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அவர் காபி கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அண்ணே, உங்களுக்கு அது ஞாயித்துக்கிழமை. எனக்குச் சனி ராத்திரி ஊறப்போட்டு ஆட்டணும், ஞாயிறு மதியம் வரைக்கும் நிக்கணும். ரெண்டு நாள் வேலை. கார்த்திகையில வேலை கொஞ்சம், மார்கழியில கல்யாணமே இல்ல, வந்தேன். தையில ஒரு முகூர்த்தத்தை விட்டா மாஸ்டர் அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டாரு. நீங்க கேட்டா முடியாதுன்னு சொல்ல வாய் வரல. அதான் சொல்லாமப் போயிட்டேன்."

திரும்பி வரும்போது மருத்துவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து முதல் மாதக் கணக்கை எடுத்து மறுபடி எழுதினேன். இலவசமாக வந்த பொருள்களுக்குக் கடை விலை 5,600. பாத்திர வாடகை 1,200. நான்கு பேருக்கு ஊர் வழக்கப்படி கூலி, பெரியவருக்கு 1,500, மற்ற மூவருக்கு எண்ணூறு எண்ணூறு, ஆக 3,900. இதோடு கைச்செலவு 4,200 சேர்ந்தால் 14,900. உண்மையான மிச்சம் 15,800 இல்லை, 5,100. மீதி 10,700 ரூபாயைப் பலகாரம் சம்பாதிக்கவில்லை. ஆலைக்காரரும் தோப்புக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் அந்த நான்கு பெண்களும் போட்டது. முதல் மூவரும் மனசறிந்து கொடுத்தார்கள். நால்வரிடம் நாங்கள் கேட்கவே இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாசியில் விற்பனையை நிறுத்திவிட்டு இரண்டு கூட்டம் போட்டோம். முதல் கூட்டம் சண்டையில் முடிந்தது. "சேவைக்குச் சம்பளமா? நாளைக்குப் பரிமாறுகிறவனும் கேட்பான்" என்றார் ஒருவர். ஜவுளிக்கடைக்காரர் எழுந்து, பழைய காலத்து மகமையை நினைவுபடுத்தினார். வியாபாரத்தில் தர்மத்துக்கான பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் செட்டிநாட்டுக் கடைகளில் லாபம் பார்த்தார்கள். முதலில் எடுத்து வைக்க வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள், இங்கே முதலில் எடுத்து வைக்க வேண்டியது கூலி என்றார். அந்தப் பேச்சு எடுபட்டது. எதிர்த்தவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் வாக்கெடுப்புக்குப் பிறகும் இலை எடுக்க வருகிறார்.

கூலியை ஞாயிறு காலை முதல் இலை போடுவதற்கு முன்பே உறையில் போட்டுக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தோம். விற்றாலும் விற்காவிட்டாலும் அது அவர்களுடையது. உறுப்பினர்கள் சமையலில் தலையிடுவதில்லை. காய் நறுக்குவது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எங்கள் வேலை. நன்கொடையாக வரும் ஒவ்வொரு பொருளும் கடை விலையோடு வரவிலும் செலவிலும் எழுதப்படும். ஆலைக்காரர் இதற்கு முதலில் கூச்சப்பட்டார். எழுதிப் படித்தபோதுதான் மூன்று மாதம் ஒரே ஆள் தாங்கியது மற்றவர்களுக்குத் தெரிந்தது, உளுந்தை வேறு இருவர் ஏற்றுக்கொண்டார்கள். அவர் தையில் உளுந்து அனுப்பாததன் அர்த்தமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தேதியை இனிமேல் சமையல்காரர்களின் நாட்காட்டியைப் பார்த்து வைக்கிறோம். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் விற்பனை இல்லை. கல்யாணம் இல்லாத ஆடி, மார்கழியிலும் குறைவாக நடக்கும் புரட்டாசியிலும் அவர்களுக்கே வேலை தேவைப்படும். அந்த மாதங்களில் பெரிதாகச் செய்யலாம். இலை விலை 100 ரூபாய். இலையில் குழிப்பணியாரம். வெள்ளைப் பணியாரம் தனி டோக்கன், ஒன்று பத்து ரூபாய், காத்திருக்கச் சம்மதிப்பவர்களுக்கு மட்டும். மூத்த உறுப்பினரின் போர்டு அப்படியே இருக்கிறது.

கடைசியாக, ஆட்டோக் கூலியைப் பலகாரத்தின் தலையில் மட்டும் கட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். நோயாளிக்கு மாதம் தவறாமல் வேண்டியதை, மழை பெய்தால் படுத்துவிடும் ஒரு விற்பனையை நம்பி வாக்குக் கொடுத்ததுதான் எங்கள் பெரிய தப்பு. கோயில் காரியங்களுக்குப் புள்ளி வரி போடுவது போல, உறுப்பினர் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, புள்ளிக்கு மாதம் 125 ரூபாய் என்று வைத்தோம். மாதம் நான்காயிரம் நிச்சயம்.

பிறகு நடந்தது

பங்குனி முதல் மார்கழி வரை எட்டு விற்பனை. எல்லாக் கூலியும் பொருள் விலையும் போக மிச்சம் 61,400 ரூபாய். அந்தப் பத்து மாத ஆட்டோச் செலவில் ஏறக்குறைய பாதி. மீதியைப் புள்ளிப் பணமும் பந்தியில் வைத்த உண்டியலும் தாங்கின. ஒரு மாதமும் ஆட்டோ நிற்கவில்லை. பணியாரக்கார அம்மா ஆடியிலிருந்து தன் மருமகளையும் கூட்டி வருகிறார், மூன்றாவது சட்டிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

ஆனியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், "சார், மூணு பேரும் ஒரே ரோட்டுக்காரங்க. ஒருத்தர் காலையில, ஒருத்தர் மத்தியானம், ஒருத்தர் மறுநாள். ஆஸ்பத்திரியில ஒரே ஷிஃப்ட்டா மாத்திக் குடுத்தா ஒரே வண்டியில கொண்டு போயிடுவேனே" என்றார். மருத்துவர் பேசினார். பத்து நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து நடைக்கு 500 ரூபாய். மாதச் செலவு 15,750 இலிருந்து 10,800 ஆக இறங்கியது. மிச்சமானது 4,950. முதல் ஞாயிறு நாற்பது பேர் ராத்திரி முழுக்க விழித்து உண்மையில் சம்பாதித்தது 5,100.

ஐப்பசியில் ஐவரில் ஒருவர் காலமானார். ஓட்டுநரிடம் கொடுக்கச் சொல்லி நாங்கள் தரும் கூப்பன்களில் நான்கு மீதமிருந்தன. காரியம் முடிந்த மறுநாள் அவர் மகன் அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுபடி தொடங்கினால்

நோயாளிகளிடமும் ஓட்டுநரிடமும் முதலில் பேசியிருப்பேன். நாங்கள் அடுப்பில் ஆரம்பித்துத் தேவைக்கு வந்தோம். எட்டு மாதம் தனித்தனி ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வீண்தான். மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே ஆட்டோ அனுப்புகிறோம் என்று சொல்லியிருப்பேன். முதல் கூட்டத்தில் 15,800 என்று வாசித்திருக்க மாட்டேன். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு 5,100 என்று சொல்லி நம்பவைக்க எனக்கு இரண்டு கூட்டம் ஆனது. பணியாரக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்திருப்பேன், அதற்கு ஒரு கடிகாரம் போதும்.

இப்போது மறுபடி தை. விற்பனை இல்லை. அந்த நான்கு பேரும் கல்யாண வேலையில் இருக்கிறார்கள். பாதயாத்திரைப் பந்தலுக்கு இட்லிக் கொப்பரை வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பாத்திரக்கடை உறுப்பினர் சங்கத்தின் பெயரில் வாடகை வாங்காமல் கொடுத்தனுப்பினார். பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதினேன்: நன்கொடை, பாத்திர வாடகை, 1,200.